மரங்கொத்தி உடுப்புக்கு அளவு

"அம்மா, உன் மிஷின் இன்னும் ஓடுதா?"

மகள் போனில் இப்படிக் கேட்டாள். எங்கள் பேச்சு எப்போதும் ஒரே தடத்தில் போகும். சாப்டியா என்று நான் கேட்பேன். சாப்டேன், நீ சாப்டியா என்பாள். சாப்டேன் என்பேன். பிறகு செத்த நேரம் இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். சரி, வச்சிருறேன்மா என்பாள். அன்றைக்கு மட்டும் எடுத்த எடுப்பில் தையல் மிஷினைக் கேட்கிறாள்.

"ஓடும். எண்ணெய் போட்டா ஓடும்" என்றேன்.

"எனக்கு ஒரு உடுப்பு தச்சுக் குடுக்கணும்."

"சுடிதாரா?"

"இல்ல. மரங்கொத்தி."

நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்துக்கொண்டேன்.

அவள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தனியாக இருக்கிறாள். நான் திண்டுக்கல்லில் எங்கள் பழைய வாடகை வீட்டிலேயே இருக்கிறேன். அவள் அப்பா போய்ச்சேர்ந்த பின் என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். ஒன்பதாவது மாடி. காலையில் அவள் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வருவாள். லிஃப்டில் தனியாக ஏற எனக்குப் பயம். எதிரில் வருகிறவர்கள் சிரித்து ஏதோ கேட்பார்கள், பாஷை தெரியாது. தெரிந்த பாஷையிலேயே நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். மழைக்காலம் முடிவதற்குள், ஊருக்குப் போறேன்மா என்று சொல்லிவிட்டேன். "என்கூட இருக்க உனக்குப் பிடிக்கல, அம்புட்டுத்தானே" என்றாள். அப்படி இல்லை என்று சொல்ல எனக்குச் சரியான வார்த்தை கிடைக்கவில்லை. பஸ் ஏற்றிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு தீபாவளி இரண்டு வந்து போனது. அவள் வரவில்லை. கோபமாக ஒரு சொல் பேசியதில்லை. சாப்டியா, சாப்டேன் மட்டும் நிற்காமல் நடந்தது.

மரங்கொத்தி யார் என்பதைச் சொல்ல வேண்டும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் அப்பா பழைய பேப்பர் கடையிலிருந்து படக்கதைப் புத்தகங்கள் வாங்கி வருவார். அட்டை இருக்காது. சிலதில் கடைசிப் பக்கமும் இருக்காது. நான் அஞ்சாவதோடு நின்றவள். பெரிய புத்தகம் என்றால் வரி கலைந்து போகும். படக்கதையில் ஒரு கட்டத்துக்கு ஒரு வரிதான், பக்கத்திலேயே படமும் இருக்கும். அதனால் மகளும் நானும் ஒன்றாகத்தான் படித்தோம். அதில் ஒரு ஆள் வருவான். பகலில் தபால்காரன். திருட்டு நடந்தால் மரங்கொத்தி வேஷம் போட்டுக்கொண்டு வருவான். மஞ்சள் முதுகு, கறுப்பு இறக்கை, நீள மூக்கு, சிவப்புக் கொண்டை. திருடன் வீடாகவே இருந்தாலும் கதவை மூன்று முறை தட்டிவிட்டுத்தான் உள்ளே போவான். தட்டாமல் போனால் பாதிச் சண்டை மிச்சமாகுமே என்று அவள் அப்பா கேலி செய்வார். மகளுக்கு அந்த ஆள் மேல் உயிர்.

இப்போது பெங்களூரில் படக்கதைப் பிரியர்கள் ஒன்றுகூடும் விழாவாம். ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொண்டு வருவார்களாம்.

"எல்லாரும் வெளிநாட்டு ஆளாத்தான் வருவாங்கம்மா. அந்த டிரெஸ் எல்லாம் வாடகைக்கே கிடைக்குது. நம்ம ஆளு எந்தக் கடையிலயும் இல்ல. செஞ்சு தரச் சொன்னா அநியாயமாக் கேக்குறான். நானே இப்ப வேலை மாறி கையக் கடிச்சுக்கிட்டு இருக்கேன். நீ புதுசா எதுவும் வாங்காத. வீட்ல கிடக்கிறத வச்சுப் பண்ணு."

"சரி. ஆனா அளவு வேணுமே."

இதைச் சொல்லும்போதே என் மனசு முன்னால் ஓடிவிட்டது. உடுப்பு என்றால் அளவெடுக்க வேண்டும். பாதி தைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்காகவாவது ஒரு தடவை வந்துதானே ஆக வேண்டும்? "சனி, ஞாயிறுல ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்" என்றேன்.

"லீவு இல்லம்மா. புது இடம். நானே அளந்து சொல்றேன்."

மறுநாள் அவளே கூப்பிட்டாள். "இஞ்ச் டேப் இல்லம்மா. சார்ஜர் ஒயரச் சுத்திப் பாத்தேன். நெஞ்சுக்கு ஒயர்ல முக்காவாசி வருது."

"எந்த ஒயர்ல?"

"என் ஒயர்லதான்."

"உன் ஒயர் எம்புட்டு நீளம்னு நான் எங்க கண்டேன்?"

"உன் சார்ஜர் மாதிரிதான் இருக்கும். வச்சுப் பாரேன்."

"என் சார்ஜர எலி கடிச்சிருச்சு. நடுவுல வெட்டி ஒட்டிக் குடுத்திருக்கான் கடைக்காரன். அது இப்ப ஒரு முழம்தான் இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. "சரி, நீயே ஏதாவது பண்ணு. உனக்குத் தெரியாத அளவா?" என்றாள்.

உனக்குத் தெரியாத அளவா என்று அவள் சொன்னது எனக்கு அன்று முழுக்க இனித்தது. அளவுக்கு என்று பீரோவில் அவளுடைய சுடிதார் ஒன்று எப்போதும் இருக்கும். டெய்லரிடம் போகும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாமல் அதைத்தான் பையில் போட்டுக்கொண்டு போவேன். இதே அளவுக்குத் தைங்க, உள்ளே மட்டும் நிறையத் துணி விடுங்க, வளர்ற பிள்ளை என்பேன். அந்தச் சுடிதாரை எடுத்துக் கட்டிலில் விரித்தேன். அந்துருண்டை மணம் போகாமல் இருந்தது. கை, தோள், இடுப்பு எல்லாம் அதில் இருந்தது. இதற்குமேல் என்ன அளவு வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மஞ்சள் துணி மட்டும் வீட்டில் இல்லை. மாசித் திருவிழா முடிந்த சமயம். மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டவர்கள் உடுத்தும் மஞ்சள் துணி கடைகளில் மிச்சமாகிக் கிடக்கும், மலிவாகத் தருவார்கள். துண்டுத் துணிக் கடையில் போய் நின்றேன்.

"நேர்த்திக்கடனா ஆத்தா? திருவிழாதான் முடிஞ்சு போச்சே" என்றார் கடைக்காரர்.

மரங்கொத்திக்கு என்று எப்படிச் சொல்வது? கடை நிறைய ஆள். பேசாமல் நின்றேன்.

"பரவால்ல. சாமிக்குச் செய்யறதுக்கு நாள் என்ன கிழமை என்ன" என்று சொல்லி, கேட்டதற்குமேல் தாராளமாக விட்டுக் கிழித்துக் கொடுத்தார். துணியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். வருகிற வழியில் கோயில் முன்னால் ஒரு சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்தத் துணி சாயம் கக்கும் என்பது தெரியும். உப்புத் தண்ணீரில் ஊற வைத்து அலசி, நிழலில் காயப்போட்டுத்தான் கத்தரி வைத்தேன். இறக்கைக்குக் கம்பி ஒடிந்த என் குடை. அதன் துணியைப் பிரித்து, ஒவ்வொரு இதழாகக் கைக்கும் இடுப்புக்கும் நடுவில் வைத்துத் தைத்தேன். கையைத் தூக்கினால் விரியும், இறக்கினால் மடங்கும். குடைத் துணி மிஷினில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஊசி ஒன்று ஒடிந்தது.

முகமூடிக்கும் மூக்குக்கும் பக்கத்து வீட்டம்மா தோல் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வீட்டுக்காரர் பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்க்கிறவர். வெட்டிக் கழித்த துண்டுகள் ஒரு பை நிறைய வந்தது.

"என்னக்கா, செருப்புக்கடை வைக்கப் போறியளா?"

"மக கேட்டா. மூக்குச் செய்யணும்."

"மூக்கா? ஏன், அவளுக்கு இருக்கிற மூக்கு என்னாச்சு?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யா அல்லா! நாங்க எங்க மகளுக்கு மாப்ள தேடிக்கிட்டு அலையிறோம். நீங்க பறவைக்கு மூக்கு தேடுறியளே" என்றாள். ஆனால் தோலை எப்படி நனைத்து வளைப்பது என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவந்து சொன்னதும் அவள்தான். நனைத்த தோலைச் சப்பாத்திக் கட்டையில் சுற்றிக் கயிறு கட்டிக் காய வைத்தேன். காய்ந்ததும் கூராக நின்றது.

கொண்டைக்குத்தான் யோசனையாக இருந்தது. சிவப்பாகவும் இருக்க வேண்டும், சிலிர்த்துக்கொண்டும் நிற்க வேண்டும். நடையில் அவள் அப்பாவின் சைக்கிள் நிற்கிறது. சீட்டுக்குச் சிவப்பு வெல்வெட் உறை, சுற்றிலும் குஞ்சம். அதை இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். கடையில் ஒரு சிவப்பு ரிப்பன் வாங்கினால் போதும். புதுசா எதுவும் வாங்காத என்று சொல்லியிருக்கிறாளே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கடைசியில் அதைக் கழற்றினேன். உள்பக்கம் செயின் எண்ணெய் வாசம் இருந்தது. துவைக்காமல் அப்படியே தைத்தேன்.

இந்த நாட்களில் அவள் அடிக்கடி கூப்பிட்டாள். மூக்கு முடிஞ்சதா, இறக்கை மடங்குதா, கொண்டை ஒரு பக்கமாச் சாயாம நிக்குதா. போன் மணி அடித்தால் ஈரக் கையைத் துடைக்கக்கூட நிற்காமல் ஓடினேன். ஆனால் பேச்சு வேறு எந்தப் பக்கமும் திரும்பவில்லை. வேலை எப்படி இருக்கு என்றால், இருக்கும்மா, கொண்டையைச் சொல்லு என்பாள்.

உடுப்பு ஒரு வடிவத்துக்கு வந்தது. ஒரு உடம்பில் மாட்டிப் பார்த்தால்தான் குறை தெரியும். வீட்டில் இருக்கிற உடம்பு என்னுடையது மட்டும்தான். வெயில் உறைத்த ஒரு பகல், தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. கதவைத் தாழ் போட்டுவிட்டு, சேலைமேலேயே மஞ்சள் சட்டையை மாட்டினேன். முகமூடியைக் கட்டினேன். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்கினேன். குடை இதழ்கள் விரிந்தன. கொண்டை நின்றது. கண்ணாடிக்குள் இருந்தது யாரென்றே தெரியவில்லை.

அப்போது கதவு தட்டும் சத்தம்.

என் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. பக்கத்து வீட்டம்மா வெளியில் நின்று அக்கா என்று கூப்பிடுவாள். அன்றைக்குப் பார்த்து மூன்று தட்டு. அடுத்தது குரல். "அம்மா, சிலிண்டர்!"

முகமூடியின் கயிறு பின்னால் முடிச்சு விழுந்து இறுகிக்கொண்டது. அவிழ்க்க வரவில்லை. இந்தக் கோலத்தில் எப்படிக் கதவைத் திறப்பது? இருப்பா வாரேன் என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அதுகூட வரவில்லை. தூக்கிய இறக்கையோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் தட்டினார். பிறகு எதிர் வீட்டைப் பார்த்துச் சொன்னது கேட்டது. "வீட்ல ஆளில்ல போலிருக்கு."

வண்டி போகிற சத்தம் தேய்ந்த பிறகும் நான் அசையவில்லை.

முடிச்சை அவிழ்க்கப் பக்கத்து வீட்டம்மாதான் வரவேண்டியிருந்தது. கதவு இடுக்கில் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். வந்தவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடிக்க அவளுக்கு நேரமானது. "சிலிண்டர் போச்சே! இன்னைக்கு உலைக்கு என்ன பண்ணுவிய? நம்ம வீட்டுக்கு வாங்க" என்றாள். முடிச்சை அவிழ்த்துவிட்டு என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"உங்களுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரியே இருக்குக்கா."

"அவ அளவுச் சுடிதார வச்சுத்தான் வெட்டினேன்."

"அது எப்பத்திய சுடிதாரு?"

"காலேஜ் போறப்ப போட்டது."

"அப்ப ஒல்லிக்குச்சியால்ல இருப்பா. இப்ப சதை போட்டிருக்காளா? எப்படி இருக்கா?"

நான் சட்டையின் பக்கத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

எனக்குத் தெரியவில்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. படம் பார்த்துப் பேசும் போனில் முன்பெல்லாம் நெற்றியும் கண்ணும் தெரியும், மற்றது தெரியாது. இப்போது அதுவும் இல்லை, குரல் மட்டும்தான். அவள் பேருக்கு நேராக இருக்கும் சின்ன வட்டத்தில் ஒரு பூந்தொட்டிப் படம் இருக்கிறது. ஒல்லியாகவே இருக்கிறாளா, உடம்பு பெருத்திருக்கிறாளா? முடி வெட்டிக்கொண்டாளா? பெற்ற பிள்ளையின் அளவைப் பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறாள், நான் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அன்று அவர்கள் வீட்டில் சோறும் வெஞ்சனமும் தட்டில் போட்டு நீட்டினார்கள். சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

மறுபடி போன் வந்தபோது கேட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். நீ இப்ப பெருத்திருக்கியா, இளைச்சிருக்கியா? அப்படிக் கேட்டால், உனக்குத் தெரியாதா என்று அவள் நினைப்பாளே. அதனால் சுற்றி வளைத்தேன்.

"போட்டுப் பாக்காம அனுப்பினா சரியா வராதுப்பா. ஒரு நாள், ஒரே நாள். காலையில வந்துட்டு ராத்திரி பஸ்ஸுக்குப் போயிரலாம்."

"அம்மா, முடியாதும்மா. கூரியர்ல போடு. கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன? வேஷம்தானே."

"சரி" என்றேன். "சாப்டியா?"

"சாப்டேன்."

வரமாட்டாள் என்று ஆனபின், தைத்த பக்கவாட்டுத் தையல் இரண்டையும் பிரித்தேன். கடைக்காரர் சாமிக்கென்று தாராளமாக விட்ட துணி மிச்சம் இருந்தது. அதை ஒட்டுக் கொடுத்து, வெளியில் தெரியாமல் உள்ளே அகலமாக மடித்து வைத்து, மேலோட்டமாக ஒரு தையல் போட்டேன். இளைத்திருந்தால் அப்படியே போடலாம். பெருத்திருந்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். டெய்லரிடம் எப்போதும் நான் சொல்வதை இப்போது நானே செய்தேன். மஞ்சள் நூலும் கறுப்பு நூலும் ஒரு அட்டையில் சுற்றி, ஊசி குத்தி, சட்டையின் உள்பையில் வைத்தேன். ஊசி பிடிக்கிற பிள்ளை இல்லை அவள். பட்டன் அறுந்தாலும் சட்டையைச் சுருட்டி ஓரத்தில் போட்டுவிடுவாள். இருந்தாலும் வைத்தேன்.

கூரியர் ஆபீசில் பெட்டி மூடவில்லை. மூக்கு வெளியில் நீட்டிக்கொண்டு நின்றது.

"என்னம்மா உள்ள? கோழியா?" என்றார் அங்கிருந்தவர்.

"துணி."

"துணிக்கு மூக்கு இருக்கா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அவரே பெரிய பெட்டி ஒன்று தேடி எடுத்து, மூக்கு மடங்காமல் பழைய பேப்பரைச் சுற்றி வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

பெட்டி போன பிறகு வீடு பழையபடி ஆனது. மிஷின் மேல் துணி போர்த்தினேன். நடையில் சைக்கிள் சீட்டு மொட்டையாக இருந்தது. போன் அடிக்கவில்லை. வந்து சேர்ந்ததும், வந்துருச்சும்மா, தேங்க்ஸ் என்று எழுத்தில் ஒரு வரி வந்தது. அதை எழுத்துக் கூட்டாமலே படித்தேன். வேறொன்றும் இல்லை.

விழா நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மொச்சை உரித்தேன். எப்படியும் படம் அனுப்புவாள். இத்தனை நாள் கழித்து அவள் முகத்தைப் பார்த்துவிடலாம் என்றிருந்தேன். பொழுது இறங்கும் நேரம் டிங் என்றது.

படத்தில் மரங்கொத்தி நின்றது. இரண்டு இறக்கையும் விரிந்திருந்தன. கொண்டை சாயவில்லை. மூக்கு கூராக இருந்தது. முகமூடி முகத்தை முழுசாக மூடியிருந்தது. நான்தானே அப்படித் தைத்தேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கிக் கண் ஓட்டையைப் பார்த்தேன். அங்கே இருட்டுதான் தெரிந்தது. அவளாகவும் இருக்கலாம், யாராகவும் இருக்கலாம்.

படத்தைக் கீழே நகர்த்தியபோது கைக்கு அடியில் ஒன்று கண்ணில் பட்டது. மஞ்சள் துணியில் வெள்ளை நூலில் கைத்தையல். ஒன்று நீளம், ஒன்று குட்டை, இரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தது. பக்கவாட்டுத் தையலைப் பிரித்து, உள்ளே விட்டிருந்த துணியை முழுசாக வெளியே எடுத்து, கோணல்மாணலாகத் தைத்திருந்தாள். விட்டது பூராவும் தேவைப்பட்டிருக்கிறது. என் மகள் இப்போது அந்த அளவு இருக்கிறாள். அந்த அகலத்தைக் கண்ணாலேயே அளந்தேன். மறுபடியும் அளந்தேன். அவள் சாப்டேன் சாப்டேன் என்று சொன்னது நிஜம்தான்.

கொஞ்ச நேரம் கழித்துக் குரல் ஒன்று அனுப்பினாள். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"அம்மா, பாத்தியா? எல்லாரும் இது எந்த ஊரு ஆளுன்னு கேக்குறாங்க. திண்டுக்கல்னு சொன்னேன். சைடு பத்தவே இல்லம்மா, நான் இப்ப நல்லாக் குண்டாயிட்டேன். நீ உள்ள துணி விட்டிருந்த, அதான் தப்பிச்சேன். கைக்குக் கிடைச்ச வெள்ளை நூல்ல நானே தச்சேன். நூல் அனுப்பியிருந்தது கடைசியிலதான் தெரிஞ்சுச்சு, பைக்குள்ள கைய விட்டா ஊசி குத்திருச்சு." சிரித்தாள். "கொண்டை அப்பா சீட்டுக் கவர்தானே? வாசம் வந்துச்சு. சரி... தையல் கேவலமா இருக்கு. வரும்போது எடுத்துட்டு வாரேன், நீ பிரிச்சு ஒழுங்காத் தச்சுக் குடு."

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எப்போது வருகிறேன் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. பதிலுக்குக் குரல் அனுப்ப அந்தப் பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். எப்ப வருவ என்பது வாய்வரை வந்தது. "சரிப்பா. நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டேன்.

கட்டிலில் அளவுச் சுடிதார் இன்னும் கிடந்தது. மடித்துப் பீரோவில் பழைய இடத்திலேயே வைத்தேன். இனி அதை வைத்து யாருக்கும் எதுவும் தைக்க முடியாது. இஞ்ச் டேப்பை மட்டும் மிஷின் டிராயரில் போடவில்லை. வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. வந்ததும் வராததுமாக முதலில் அளவெடுத்துவிட வேண்டும்.